இன்று சேமித்து நாளை திறப்பார்கள்: சாவிப் பரிமாற்றத்தை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்

உங்கள் சர்வருக்கும் பயனருக்கும் இடையே போகும் தரவை ஒருவர் வழியில் நகலெடுத்து வைத்துக்கொண்டால் இன்று அவரால் படிக்க முடியாது. ஆனால் அந்த நகல் அழியாமல் காத்திருக்கும். இன்றைய இணைப்புகளைக் காக்கும் ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு என்ற மறையாக்க முறைகள் இரண்டையும் குவாண்டம் கணினியால் உடைக்கும் வழியை பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். 2,048 பிட் ஆர்எஸ்ஏ-வை 8 மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) வேண்டும் என்று 2019-ல் ஆய்வாளர்கள் கிட்னியும் எகேராவும் கணக்கிட்டார்கள். 2025-ல் அதே கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்றார். அப்படிப்பட்ட கணினி இன்னும் எங்கும் இல்லை. ஆனாலும் பதினைந்து வருடம் ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவப் பதிவுகளையும் ஒப்பந்தங்களையும் கையாள்பவர்கள் இப்போதே கவலைப்பட வேண்டும்.

முதலில் மாற்ற வேண்டியது சாவிப் பரிமாற்றம், அதாவது இணைப்பின் தொடக்கத்தில் இரு பக்கமும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் படி. அந்தச் சாவியால் தரவைப் பூட்டும் ஏஇஎஸ்-256 அப்படியே இருக்கலாம். இணையதளச் சான்றிதழின் கையொப்பமும் கொஞ்சம் காத்திருக்கலாம், ஏனென்றால் போலிக் கையொப்பம் போட இணைப்பு நடக்கும் அந்த நேரத்திலேயே குவாண்டம் கணினி கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திட்டமாக எடுத்தால் எதுவும் நகராது.

அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் குவாண்டத்தைத் தாங்கும் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அதில் சாவிப் பரிமாற்றத்துக்கானது எம்எல்-கெம். அதைத் தனியாகப் பயன்படுத்தாமல், நீள்வட்ட வளைவு வகையைச் சேர்ந்த பழைய எக்ஸ்25519-உடன் சேர்த்துக் கூட்டு முறையாகவே பயன்படுத்துங்கள். நிஸ்ட் தேர்வின் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை 2022-ல் காஸ்ட்ரிக்கும் டெக்ருவும் சாதாரணக் கணினியின் ஒரே கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். புதியதில் அப்படி ஓட்டை விழுந்தாலும் பழையது காப்பாற்றும்.

நடைமுறையில் சிக்கல் வருவது அளவால். எக்ஸ்25519 சாவி 32 பைட், எம்எல்-கெம்-768 பொதுச்சாவி 1,184 பைட். இரண்டும் சேர்ந்து 1,216. அதே செய்தியில் போகும் மற்ற நீட்சிகளையும் (தளத்தின் பெயர் போன்ற கூடுதல் விவரங்கள்) கூட்டினால் உலாவி அனுப்பும் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோ, ஈதர்நெட்டின் 1,500 பைட் எல்லையைத் தாண்டி இரண்டு பாக்கெட்டாகப் பிரிகிறது. டிசிபி-யில் இது முற்றிலும் முறையானதுதான். ஆனால் சில ஃபயர்வால்களும், இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர்களும் முதல் பாக்கெட்டிலேயே முழுச் செய்தியும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. தளத்தின் பெயர் இரண்டாவது பாக்கெட்டில் இருந்தால் அவை இணைப்பைத் துண்டித்துவிடும். குரோம் நீட்சிகளின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்து அனுப்புவதால், பெயர் சில நேரம் முதல் பாக்கெட்டில் இருக்கும், சில நேரம் இரண்டாவதில். அதனால் தளம் ஒருமுறை திறக்கும், மறுமுறை திறக்காது. 2024 ஏப்ரலில் குரோம் 124, எம்எல்-கெமின் முன்வடிவான கைபரைக் கொண்ட கூட்டு முறையை இயல்பாக இயக்கியதும் பல அலுவலக வலைகளில் இந்தத் தொல்லை வந்தது. அப்போது பலர் உலாவியில் இந்த வசதியை அணைத்துவிட்டார்கள். சரியான தீர்வு நடுவில் இருக்கும் கருவியின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது.

சர்வர் பக்கம், மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 3.5 போதும், கூட்டு முறை அதில் இயல்பாகவே வருகிறது. ஆனால் புதுப்பித்த பிறகும் பழைய முறையிலேயே ஓடும் சர்வர்கள் உண்டு. காரணம், என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் எப்போதோ யாரோ பழைய நீள்வட்ட வளைவின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு வரி. அதை நீக்குங்கள். இணையத் தொடர்பைப் பூட்டும் நெறிமுறையான டிஎல்எஸ்-இன் 1.3 பதிப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள், 1.2-ல் இந்தக் கூட்டு முறை கிடையாது. பிறகு குரோமில் எஃப்12 அழுத்தி, செக்யூரிட்டி பகுதியில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அது உலாவியிலிருந்து லோட் பேலன்சர் வரைக்கான சான்று மட்டுமே. அங்கிருந்து உள்சர்வருக்குப் போகும் இணைப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் இதைவிட எளிது. அதற்கான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்-இல் 9.0 முதலே குவாண்டத்தைத் தாங்கும் கூட்டு முறை இயல்பாக இருக்கிறது, 10.0 முதல் அது எம்எல்-கெம். வயர்கார்டு விபிஎன் வைத்திருப்பவர்கள், இணையும் கருவிகளின் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி முன்பகிர்வுச் சாவியை (முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளும் ரகசியம்) வேறொரு பாதுகாப்பான வழியில் கொண்டுசேர்த்தால் இப்போதைக்குப் போதும்.

கையொப்பம் காத்திருக்கலாம் என்றதற்கு ஒரு விலக்கு உண்டு. மின்மீட்டர், ரவுட்டர் போலப் பத்துப் பதினைந்து வருடம் களத்தில் கிடக்கும் கருவிகளில், ஃபர்ம்வேரைச் சரிபார்க்கும் சாவி சிப்பிலேயே பதிக்கப்பட்டிருக்கும். பின்னால் மாற்ற வழியில்லை. இவற்றுக்கு எல்எம்எஸ், எக்ஸ்எம்எஸ்எஸ் போன்ற ஹாஷ் அடிப்படையிலான கையொப்பங்களை நிஸ்ட் 2020-லேயே ஏற்றுவிட்டது. இவற்றில் ஒவ்வொரு உள்சாவியையும் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தலாம். எத்தனையாவது சாவி என்பதை ஒரு எண்ணி (கவுண்டர்) நினைவில் வைக்கும். கையொப்பமிடும் கணினியைப் பழைய பேக்கப்பிலிருந்து மீட்டால் எண்ணியும் பின்னோக்கிப் போய், ஒரே சாவி இரண்டு ஃபர்ம்வேருக்குப் பயன்பட்டுவிடும். அந்த இரண்டு கையொப்பங்களும் கிடைத்தவர் மூன்றாவதைப் போலியாகச் செய்ய வழி திறக்கிறது. அதனால் எண்ணியை, சாவிகளைக் காக்கும் தனிக் கருவியான வன்பொருள் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள்ளேயே வையுங்கள், பேக்கப்பில் சேர்க்காதீர்கள். மாற்றுப் பெட்டகம் தேவையென்றால் அதற்குத் தொடக்கத்திலேயே தனிச் சாவிமரம் (உள்சாவிகளின் தொகுதி) ஒதுக்கிவிடுங்கள்.