ஸ்கேனில் தெரியாத அடி

காவேரிப்பட்டணம் பக்கம் அக்கா வீட்டுத் தோப்பில் போன வைகாசியில் பெங்களூரா மாங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகனுக்குப் பத்து வயது. தாழ்ந்த கிளையில் நின்றவன் கால் வழுக்கி விழுந்தான். ரத்தம் இல்லை, மயக்கமும் இல்லை. எழுந்து டவுசரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "சித்தி, இன்னைக்கு ஸ்கூல் இருக்கா?" என்றான். லீவுடா கண்ணு என்றேன். சொம்புத் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, "சித்தி, இன்னைக்கு ஸ்கூல் இருக்கா?" என்றான். மூன்றாம் முறையும் அதையே கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் நார்மல். வீட்டில் எல்லோரும் "அப்பாடா, ஒண்ணுமில்லை" என்று மூச்சு விட்டார்கள். டாக்டர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இது கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி என்றார்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லாதபோது அடி எங்கே இருக்கிறது? சட்டியில் உறைந்த தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியை நேராக நகர்த்தினால் தயிர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சட்டென்று ஒரு திருகு திருகினால் சட்டி திரும்பிவிடும், தயிர் பின்தங்கும், நடுவில் விரிசல் விட்டுத் தண்ணீர் கசியும். மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளையும் அவ்வளவு மென்மையானதுதான். 1943-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் மூளை வடிவில் ஜெலட்டின் வார்த்துச் சோதித்து, தலை வெட்டென்று சுழல்வதுதான் பெரிய கேடு என்று காட்டினார். தலை நேராக எதிலும் மோதாமல், கழுத்து வெடுக்கென்று ஆடினாலும் கன்கஷன் வருவது இதனால்தான். பிள்ளைகளுக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, கழுத்துத் தசைகளுக்கு வலு குறைவு. அதே அடிக்கு அவர்கள் தலை இன்னும் அதிகமாக ஆடும்.

அப்படி ஆடும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே நிற்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. அதைப் பழையபடி சரிசெய்ய, இந்த உப்புகளை உள்ளேயும் வெளியேயும் தள்ளும் அயனி பம்புகள் ஒவ்வொரு செல்லிலும் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதற்கு நிறைய குளுக்கோஸ் தேவை. ஆனால் அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்தம் குறைந்துவிடுகிறது. ஊரில் எல்லா போர் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட, கரன்ட்டோ லோ வோல்டேஜில் வந்தால் எப்படி இருக்குமோ, அந்த நிலை. சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் காட்டும். இந்தச் சக்திப் பற்றாக்குறையைக் காட்டாது. மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பதும் தவறு. பெரும்பாலான பிள்ளைகள் நினைவு தப்புவதே இல்லை.

சரி, அடிபட்டவுடன் என்ன பார்க்க வேண்டும்? திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது, கை கால் துவண்டுபோவது, எழுப்பினாலும் எழாத தூக்கம், சொன்னதையே சொல்லும் குழப்பம், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கைக்குழந்தை என்றால் அடங்காத அழுகையும் உச்சிக்குழி புடைப்பதும் கூட அபாயம். கழுத்தில் வலி என்று சொன்னால் தூக்கி நிறுத்த வேண்டாம். "தலையில அடிபட்டா தூங்க விடாதே" என்று எங்கள் பாட்டியும் சொல்வார். டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு பிள்ளை தூங்கலாம், தூக்கம் மூளைக்கு நல்லது. வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

அப்புறம் வரும் நாட்கள்தான் முக்கியம். பிள்ளை வெளியே நன்றாகத்தான் தெரிவான். ஆனால் ஒரு பக்கம் படித்தால் தலைவலிக்கும், சத்தம் எரிச்சலூட்டும், சின்ன விஷயத்துக்கு அழுவான். "பாசாங்கு பண்றான்" என்று திட்டிவிடாதீர்கள், பம்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டோடு ஓய்வு, செல்போனும் டிவியும் மிகக் குறைவு. அதற்காக வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதும் தவறு. அது தேறுவதைத் தாமதப்படுத்தும் என்று இப்போது தெரிந்திருக்கிறது. இரண்டு நாளில் மெல்ல நடக்கலாம். பிறகு பள்ளிக்கு அரை நாள், அடுத்து முழு நாள். டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பாடம் பழையபடி ஏறிய பிறகு, டாக்டர் சரி என்ற பின்தான் கபடியும் கிரிக்கெட்டும். ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி பட்டால், அபூர்வமாகத்தான் என்றாலும், மூளை திடீரென வீங்கி உயிரே போகலாம். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள்.

வராமல் தடுக்க நம்மிடம் இருப்பதில் பெரியது ஹெல்மெட். கன்கஷனை அது முழுக்கத் தடுக்காது, ஆனால் மண்டையோட்டு முறிவையும் உயிர்ச்சேதத்தையும் வெகுவாகக் குறைக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மொபெட்டின் முன்னால் வெறுந்தலையோடு நிற்கும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 4 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது. அதற்கும் சின்னக் குழந்தைகளுக்காக 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை வேண்டும், 9 மாதம் முதல் அளவான ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அப்பாவின் ஹெல்மெட்டை மகனுக்கு மாட்டினால் அது விழும்போதே கழன்றுவிடும். தலையை ஆட்டச் சொல்லிப் பாருங்கள், ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. வீட்டிலோ, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர், தொட்டில் கயிற்றின் முடிச்சு இரண்டையும் இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

அக்கா மகன் மூன்றாம் வாரம் முழு நாள் பள்ளிக்குப் போனான், ஐந்தாம் வாரம் கபடிக்குத் திரும்பினான். விழுந்த நொடி மட்டும் இன்று வரை அவனுக்கு நினைவில்லை. காயைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறதாம், அடுத்தது ஆஸ்பத்திரியில் அம்மாவின் முகம்.