‘நிலச்சரிவு உண்டு’ என்ற வரிக்குக் கீழே என்ன இருக்கிறது?

கோத்தகிரிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. ஐப்பசி மழை விட்ட மறுநாள் போனேன். "சர்வேயர்னு சொன்னாங்க, சங்கிலியைக் காணோமே?" என்றார். நான் நிலம் அளக்கிறவன் இல்லை, இன்சூரன்ஸுக்குச் சேதம் பார்க்கிறவன். மலையில் பாதி வீடுகளில் பட்டாவைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

சமையலறை மூலையில் கட்டைவிரல் நுழையும் வெடிப்பு. டார்ச் அடித்தால் உள்ளே சிலந்திக்கூடு, போன தடவை அடித்த பெயிண்ட். நேற்றைய மழையில் வந்த வெடிப்புக்குள் அதெல்லாம் எப்படி வரும்?

"நிலச்சரிவு உண்டுன்னு போட்டிருக்கே தம்பி" என்று பாலிசித் தாளில் அடிக்கோடு போட்ட வரியைக் காட்டினார். இந்த மழைக்கு இதே வசனத்தை நான்காவது வீட்டில் கேட்கிறேன்.

உண்டுதான். 2021 ஏப்ரல் முதல் விற்கிற பாரத் க்ருஹ ரக்‌ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் நிலச்சரிவு, பாறைச் சரிவு, நிலம் உள்வாங்குவது மூன்றும் உண்டு. ஆனால் அதே கட்டத்தில் ‘இவை தவிர’ என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. புதுக் கட்டடம் அமர்வதால் வரும் வெடிப்பு கிடையாது. கொட்டி நிரப்பிய மண் இறங்கினால் கிடையாது. தோண்டியதால், இடித்துக் கட்டியதால் வந்தது கிடையாது. கட்டுமானம் மோசமென்றாலும் கிடையாது. சரிவை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்தில் கொட்டித்தானே இங்கே மனை போடுகிறோம்? சார் வீட்டின் முன்பாதி அப்படி நிரப்பிய மண்மேல் நிற்கிறது. பின்னால் கார் ஷெட்டுக்குப் போன கோடையில் மேட்டை வேறு அரிந்திருக்கிறார். 2009 நவம்பரில் நீலகிரியில் எத்தனை உயிர் போனது என்று பார்த்தவர்கள் நாம். அதற்குப் பிறகும் வெட்டுகிறோம்.

தடுப்புச் சுவர் இன்னொரு தலைவலி. பாலிசியில் அதையும் சேர்க்கலாம். ஆனால் சதுர அடிக் கணக்கில் வீட்டுக்கு மட்டும் தொகை போட்டுவிட்டு, பல லட்சம் கொட்டிக் கட்டிய சுவரைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதன் கட்டுமானச் செலவைத் தனியாக எழுதிக் கொடுங்கள். நிலத்தின் விலையைச் சேர்க்காதீர்கள், அது கிடைக்காது.

மாடியை ஹோம்ஸ்டேவாக மாற்றினால் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். பாலிசி குடியிருக்கும் வீட்டுக்கு. வங்கி லோனோடு ஏதோ இன்சூரன்ஸ் போட்டார்கள் என்றால் தாளை எடுத்துப் பாருங்கள், பல சமயம் அது உங்கள் உயிருக்குப் போட்டது, வீட்டுக்கு அல்ல.

மழைக்கு முன்னால் சுவர், தரை, தடுப்புச் சுவர் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பழைய வெடிப்பு எது, புதியது எது என்று அதுதான் சொல்லும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஆள் வைத்துக் குத்திவிடுங்கள். சிமென்ட் பூசி ‘அழகாக’ அடைத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்!

சரிந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். வழியை மறிக்கிற மண்ணை அள்ளுவதென்றால் போட்டோ எடுத்துவிட்டு அள்ளுங்கள். அப்புறம், தயவுசெய்து, நான் வந்து பார்க்கட்டும் என்று அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். சார் இரண்டு ராத்திரி அங்கேதான் படுத்திருக்கிறார், அதுவும் அந்த மூலைச் சுவரை ஒட்டி.