லியோன்பெர்கர் நாய்களின் நரம்பு நோய்: நன்கொடைப் பணம் மரபணுச் சோதனையாக மாறும் விதம்

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் அருகே உள்ள லியோன்பெர்க் நகரில் 1840-களில் உருவான நாயினம் லியோன்பெர்கர். ஆண் நாயின் தோள் உயரம் 72 முதல் 80 செ.மீ. வரை இருக்கும். அந்தப் பெரிய உடம்பைத் தாங்கும் பின்னங்கால்களின் நரம்புகள்தான் இந்த இனத்தில் பரம்பரையாகப் பழுதாகின்றன. நோய் கண்ட நாய் பாதத்தைத் தேவைக்கு மேல் உயர்த்தி உயர்த்தி வைத்து நடக்கும். தொடைச் சதை வற்றும், குரைக்கும் குரல் மாறும். குரல்வளை சரியாகத் திறக்காததால் மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். வெயிலில் ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எண்ணிக்கையில் குறைந்த ஓர் இனத்தின் நோயை ஆராய்வதில் மருந்து நிறுவனங்களுக்கு லாபம் கிடையாது. அந்தச் செலவை ஏற்பவர்கள் பெரும்பாலும் நாய் வளர்ப்பவர்களும் இனக்கழகங்களும்தான். அமெரிக்காவில் 1995-இல் தொடங்கப்பட்ட ஏ.கே.சி. (அமெரிக்கன் கென்னல் கிளப்) கேனைன் ஹெல்த் ஃபவுண்டேஷன் என்ற நாய்நல அறக்கட்டளையில் இனக்கழகங்கள் தங்கள் பெயரில் தனி நிதி வைத்துக்கொள்ளலாம். லியோன்பெர்கருக்கென்றே லியோன்பெர்கர் ஹெல்த் ஃபவுண்டேஷன் இன்டர்நேஷனல் என்ற அறக்கட்டளையும் இயங்குகிறது.

நன்கொடை என்றதும் ஆய்வகக் கருவிகளே நினைவுக்கு வரும். ஆனால் ஆய்வின் தலையெழுத்தை முடிவு செய்வது மாதிரிகள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த ஊதா மூடிக் குழாயில் சுமார் 5 மி.லி. ரத்தம் எடுத்து, குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சிவப்பு மூடிக் குழாயில் எடுத்தால் ரத்தம் உறைந்துபோய், டி.என்.ஏ. பிரிப்பது சிரமமாகிவிடும். கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் பஞ்சில் டி.என்.ஏ. குறைவு, கிருமிகளும் உணவுத் துணுக்கும் சேர்ந்துவிடும். ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபணுப் பிழை இருக்கிறதா என்று பார்க்க அது போதும், புதிய பிழையைத் தேட ரத்தமே நல்லது.

அதைவிடக் கடினம், எது நோயுள்ள நாய் என்று உறுதி செய்வது. இடுப்பு மூட்டுக் கோளாறும் தைராய்டு குறைவும்கூட நடையைக் கெடுக்கும். அப்படிப்பட்ட நாய்கள் நோயாளிப் பட்டியலில் கலந்துவிட்டால் முடிவு மங்கிப்போகும். ஆகவே நரம்பின் மின்சோதனையும், மயக்கம் கொடுத்து நரம்பிலும் தசையிலும் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதும் தேவை. இதற்கு ஆகும் செலவு ரத்தப் பரிசோதனையைப் போல் பல மடங்கு. ஒப்பிடுவதற்கான ஆரோக்கியமான நாய்கள் கிடைப்பது அதைவிட அரிது. நோய் தாமதமாகவும் வரக்கூடும் என்பதால் இரண்டு வயது நாயை "நோயற்றது" என்று எழுதிவிட முடியாது. எட்டு வயது தாண்டியும் நன்றாக நடக்கும் நாயின் ரத்தம் ஆய்வாளருக்குப் பெரும் சொத்து. நோய் வந்த நாயை எல்லோரும் கொண்டுவருவார்கள், நலமாக இருக்கும் கிழட்டு நாயை யாரும் கொண்டுவருவதில்லை. அறக்கட்டளைகள் இதற்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மாதிரிகள் சேர்ந்தபின், மரபணுவைப் படிக்கும் சிப் ஒன்றில் ஒவ்வொரு நாயின் டி.என்.ஏ.விலும் ஏறத்தாழ 1,70,000 இடங்களைப் படிக்கிறார்கள். இத்தனை இடங்களைச் சோதித்தால், தற்செயலுக்கு 5 சதவீதம் இடம் தரும் வழக்கமான அளவுகோலில், தற்செயலாகவே 8,500 இடங்கள் நோயோடு "தொடர்புள்ளவை" போலத் தோன்றும். அதனால் வரம்பை ஒரு கோடியில் மூன்று என்ற அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரே ஈற்றுக் குட்டிகளை அதிகம் சேர்த்தாலும் பொய்த் தொடர்பு கிளம்பும். ஒரே இனத்துக்குள் டி.என்.ஏ. நீண்ட நீண்ட துண்டுகளாக ஒன்றுபோல் இருப்பதால், மனிதர்களில் ஆயிரக்கணக்கில் தேவைப்படும் இடத்தில் இங்கே சில டஜன் நாய்களே போதுமாகின்றன.

மினசோட்டா, பெர்ன் பல்கலைக்கழகங்களின் குழுக்கள் இப்படித் தேடி, 16-ஆம் குரோமோசோமில் சுமார் 2,50,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள பகுதிக்கு வந்தன. அதற்குள் ஏ.ஆர்.எச்.ஜி.இ.எஃப்.10 என்ற மரபணுவில் வெறும் 10 எழுத்துகள் விடுபட்டிருந்தன. 2014-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பே எல்.பி.என்.1 (லியோன்பெர்கர் பாலிநியூரோபதி, அதாவது இந்த நரம்பு நோயின் முதல் வகை) சோதனையின் அடிப்படை. மனிதர்களின் ஷார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு.

எல்.பி.என்.1 ஒடுங்கு தன்மை கொண்டது. இளம் வயதிலேயே கடுமையாக வருவது, பிழையின் இரு பிரதிகளும் சேரும்போதுதான். பிழையை ஒற்றையாகச் சுமக்கும் இரண்டு நாய்களை இணைத்தால் ஒவ்வொரு குட்டிக்கும் இந்த வகை வரும் வாய்ப்பு 25 சதவீதம். ஒற்றையாகச் சுமக்கும் நாயைப் பிழையற்ற நாயோடு இணைத்தால் எந்தக் குட்டிக்கும் இரட்டைப் பிரதி கிடைக்காது. சராசரியாகப் பாதிக்குட்டிகள் ஒற்றையாகச் சுமக்கும், அவ்வளவே. ஒற்றைப் பிழை உள்ள நாய்களையெல்லாம் ஒரேயடியாக ஒதுக்குவது தவறு. உலகப் போர்களில் அழிவின் விளிம்புக்குப் போய் மீண்ட இனம் இது. மிச்சமிருக்கும் பன்மையையும் வெட்டினால் வேறொரு பிழை இரட்டையாகிவிடும்.

எல்.பி.என்.1 பிழை இல்லாமலேயே நோயுற்ற நாய்களைத் தனியே ஆராய்ந்ததில் 2017-இல் ஜி.ஜே.ஏ.9 மரபணுப் பிழை கிடைத்தது. இது ஓங்கு தன்மை கொண்டது. ஒரு பிரதியே போதும், என்றாலும் சுமக்கும் எல்லா நாய்க்கும் நோய் வருவதில்லை. வருவதும் பெரும்பாலும் குட்டி போடும் வயது கடந்தபின் என்பதால், இணை சேர்க்கும் முன்பே சோதித்தாக வேண்டும். 2020-இல் சி.என்.டி.என்.ஏ.பி.1 என்ற மூன்றாவது மரபணுவும் சேர்ந்தது. இந்தப் பிழை லியோன்பெர்கரோடு செயின்ட் பெர்னார்ட், லாப்ரடார் நாய்களிலும் காணப்பட்டதால், அந்த இனங்களை வளர்ப்பவர்களும் இன்று இந்தச் சோதனையைச் செய்துகொள்ள முடிகிறது.