1.10 ஏன் 1.9-ஐ விடப் பெரியது?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தரும்போது தவறாமல் வரும் கேள்வி: “அண்ணா, 1.10-ன்றது 1.1 தானே? அப்போ 1.9 தானே பெருசு?” கணக்குப் பாடத்தில் அது சரி. மென்பொருளின் வெர்ஷன் எண்ணில் இருப்பதோ தசமப் புள்ளியே இல்லை. தனித்தனி முழு எண்களைப் பிரித்துக் காட்டும் புள்ளி அது.

வண்ணாரப்பேட்டைத் தெருவில் 9ஆம் நம்பர் வீட்டைத் தாண்டினால்தான் 10 வரும். இந்த எண்களை வெறும் எழுத்தாகக் கொடுத்தால், கணினி முதல் எழுத்தை மட்டும் பார்த்து, 9-ஐ விட 1 சிறியது என்று 10-ஐ முன்னால் தள்ளிவிடும். வெர்ஷனைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, ஒப்பிடும் நிரல்கள் 1.9-லிருந்து 1.10-க்குப் போகும் நாளில் தடுமாறுவது இதனால்தான்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த ‘செமான்டிக் வெர்ஷனிங்’ விதிப்படி, எண் மூன்று பகுதி கொண்டது. பழைய நிரல் உடையும்படி மாற்றினால் முதல் எண் ஏறும். பழையது கெடாமல் புது வசதி சேர்ந்தால் நடு எண். பிழையை மட்டும் திருத்தினால் கடைசி எண். நூலகத்தை (பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரலை) எழுதியவர் பயன்படுத்துபவருக்குத் தரும் வாக்கு இது. அதனால்தான் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

படிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ‘+’ குறியைத் தேடி, அதற்குப் பின்னால் உள்ளதை வெட்டி எடுக்க வேண்டும். அது பில்டு விவரம், அதாவது அந்தப் பதிப்பு உருவாக்கப்பட்ட விவரம்; ஒப்பீட்டில் சேராது. அதன் பிறகே முதல் ‘-’ குறியில் வெட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் 1.0.0+பில்டு-5 என்பதில் இருக்கும் கோடு ஏமாற்றிவிடும். மிஞ்சுவது சரியாக மூன்று எண்கள், 1.02.0 போல முன்னால் பூஜ்யம் வைத்தால் செல்லாது.

ஒப்பீடு இடமிருந்து வலம். மூன்றும் சமமானால், கோட்டுக்குப் பின்னால் ஆல்ஃபா, பீட்டா என்று ஒட்டு இருப்பதே சிறியது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு அல்லவா? ஒட்டுகளையும் புள்ளி புள்ளியாகப் பிரித்தே பார்க்க வேண்டும்: எண் என்றால் எண்ணாக, எழுத்து கலந்தால் ஆஸ்கி (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்) வரிசையில். எண், எழுத்தை விடச் சிறியது. ஆகவே பீட்டா.2-ஐ விட பீட்டா.11 பெரியது. புள்ளியை விட்டுவிட்டு பீட்டா2, பீட்டா11 என்று எழுதினால் கதை தலைகீழ். ஒரு புள்ளிக்கு அவ்வளவு பலம்!

ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிறுவித் தரும் கருவியான என்பிஎம்-இல் ^1.4.2 என்று எழுதினால், 1.4.2 முதல் 2.0.0-க்கு முன்பு வரை எதுவும் வரலாம். ^0.4.2 என்றால் 0.5.0-க்கு முன்பே நின்றுவிடும். முதல் எண் பூஜ்யமாக இருக்கும்வரை எதுவும் மாறலாம் என்பது விதி. இங்கே நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 2.0.0-பீட்டா.1, வரிசைப்படி 2.0.0-ஐ விடச் சிறியது. வெறும் ஒப்பீட்டை நம்பினால் அதுவும் ^1.4.2-க்குள் நுழைந்துவிடும். அதனால் என்பிஎம், அதே மூன்று எண்களோடு சோதனைப் பதிப்பை நாமே (^2.0.0-பீட்டா.1 என்பது போல) பெயர் சொல்லிக் கேட்டால் தவிர, அதை உள்ளே விடுவதில்லை.