மருந்து தோள்பையிலேயே இருக்கட்டும்

ஏப்ரல், மே வந்துவிட்டால் என் சர்க்கரை நோய் கிளினிக்குக்கு ஊருக்குக் கிளம்பும் அப்பா அம்மாக்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். மகள் பிரசவம், பேரன் பிறந்தநாள் என்று அமெரிக்கப் பயணம். "ஆறு மாசத்துக்கு மருந்து எழுதிக் கொடுங்க டாக்டர்" என்பார்கள். எழுதிக் கொடுத்ததும் நான் கேட்பது: "இதை எந்தப் பெட்டியில வைக்கப் போறீங்க?"

"பெரிய பெட்டியிலதான்." அந்த 23 கிலோவில் பருப்புப் பொடி, நார்த்தங்காய், வடகம் எல்லாம் அடுக்கியது போக, மிச்சமுள்ள இடுக்கில் இன்சுலினைச் செருகுவார்கள்.

போன வருடம் ஓர் அம்மா அப்படித்தான் போனார். பெட்டி வந்து சேர மூன்று நாள் ஆனது. சர்க்கரை 400ஐத் தாண்டி, நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவரை மகள் அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அன்றைக்கு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பெட்டி சரியாக வந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. சரக்குப் பகுதியில் குளிர் உறைநிலை வரை போகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் பயன்படாது. பார்வைக்குப் பழையபடியே தெரியலாம். நம்பிப் போட்டுக்கொள்வீர்கள், சர்க்கரை இறங்காது. ஐஸ் பாக்கெட்டோடு ஒட்டி வைத்தாலும் இதே கதைதான். நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். திறந்து பயன்படுத்தும் இன்சுலின் பேனாவுக்கு ஐஸே வேண்டாம். பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். திறக்காதவற்றைப் போய் இறங்கியதும் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

கைப்பெட்டியும் போதாது. மேலே இடமில்லை என்று ஏறும் வாசலிலேயே அதை வாங்கிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். அதனால் மருந்து, குளுக்கோமீட்டர், மருந்துச் சீட்டு மூன்றும் தோளை விட்டு இறங்காத சின்னப் பையில் இருக்கட்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு, உங்களுக்குத் தேவையான மருந்துக்குத் தடை இல்லை. சீட்டைக் காட்டினால் போதும். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர் அங்கே கடைக்காரருக்குப் புரியாது. அமீரகம் போகிறவர்கள் டிரமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இருந்தால் முன்அனுமதி வாங்காமல் எடுத்துப் போகக் கூடாது.

சர்க்கரை தாழ்ந்தால் சாப்பிட, அதே பையில் குளுக்கோஸ் வையுங்கள். கடலை மிட்டாய் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ஏறத் தாமதமாகும். அப்புறம், சாப்பாட்டு வண்டி வருகிற சத்தம் கேட்டதும் இன்சுலின் போட்டுவிடாதீர்கள். விமானம் குலுங்கினால் வண்டி திரும்பிப் போய்விடும். தட்டு உங்கள் முன்னால் வந்த பிறகு போடுங்கள்.

நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை, நேர வித்தியாசத்தால், எத்தனை மணிக்குப் போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் முன்னாலேயே டிக்கெட்டோடு உங்கள் டாக்டரிடம் போய், மணிக்கணக்கைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.