பச்சிலை மணம் ஏன் நிற்பதில்லை? ஆண்களுக்கான செண்ட்டும் கழுத்துத் தோலும்

காலையில் அடித்த செண்ட் பத்து மணிக்கெல்லாம் காணாமல் போனால் உடனே ‘போலிச் சரக்கு’ என்ற சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் சரக்கில் குறை இருக்காது. எலுமிச்சை, லாவெண்டர், ரோஸ்மேரி என்று பச்சையாக மணக்கும் ஆண்கள் செண்ட்டின் சுபாவமே அப்படி. அது தெரியாமல் கழுத்தில் மேலும் நாலு தடவை அடிப்பவர்களுக்குத்தான் தோலில் தொல்லை தொடங்குகிறது.

இந்த வகைக்கு ஃபூஜேர் என்று பெயர். 1882-இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே உருவாக்கிய ‘ஃபூஜேர் ரோயால்’தான் முன்னோடி. லாவெண்டர், ஓக்மாஸ் என்னும் மரப்பாசி, கூமரின் ஆகிய மூன்றும்தான் இதன் அடிப்படை. அறுத்த புல் வெயிலில் காயும்போது வரும் இனிய வாசம் கூமரினுடையது. 1868-இலேயே வேதியியலாளர் பெர்கின் அதை ஆய்வகத்தில் தயாரித்துவிட்டார். இன்று ‘ஃப்ரெஷ்’ என்றதும் நினைவுக்கு வரும் சோப்புத்தனமான சுத்த வாசத்துக்குப் பெரிய பங்கு டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருளுடையது. 1982-இல் வந்த டிராக்கார் நுவார், 1988-இல் வந்த கூல் வாட்டர் ஆகிய செண்ட்டுகள் அதைப் பரவலாக்கின.

பெர்கமோட் (எலுமிச்சை இனப் பழம்), எலுமிச்சை மூலக்கூறுகள் சிறியவை; கால் மணி, அரை மணியில் ஆவியாகிவிடும். லாவெண்டர், ஜெரேனியம், சேஜ் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பிறகு தோலில் மிஞ்சுவது கூமரின், பாசி, வெட்டிவேர், பச்சோலி. வெயில் காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். ஆகவே கடையில் காகிதத்தில் அடித்து ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்தால் பறக்கப்போவதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். மணிக்கட்டில் ஒருமுறை அடித்துவிட்டு வெளியே போய் மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். விற்பவருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

இன்னொன்று, மூக்கு பழகிவிடும். உங்களுக்கு வாசம் வரவில்லை என்பதால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் வரவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு ஸ்ப்ரே சுமார் 0.1 மில்லி, இரண்டு அல்லது மூன்று போதும். வாசம் நிற்க வேண்டுமானால் அடிப்பதற்கு முன் அந்த இடத்தில் வாசனையற்ற மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள், அல்லது சட்டையின் உள்பக்கம் அடியுங்கள். வெள்ளைச் சட்டையில் கறை படியலாம்.

சவரம் செய்த உடனே கழுத்தில் அடிப்பது மோசமான பழக்கம். பிளேடு உரசிய தோலில் ஆல்கஹால் எரியும், வாசனைப் பொருட்களும் எளிதாக உள்ளே இறங்கும். அதோடு வெயிலும் சேர்ந்தால் வேறு பிரச்சினை. பெர்கமோட் பழத்தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் புற ஊதாக் கதிர் பட்டதும் தோலைப் புண்ணாக்கும்; சொட்டு வடிந்த மாதிரி பழுப்புத் தடம் கழுத்தில் மாதக்கணக்கில் நிற்கும். தோலில் விட்டுவைக்கும் பொருட்களில் அந்த எண்ணெய் 0.4 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது இஃப்ரா என்னும் சர்வதேச வாசனைத் துறை அமைப்பின் வரம்பு. தரமான நிறுவனங்கள் பெர்காப்டெனை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று விற்கப்படும் வீட்டுக் கலவைகளில்தான் கவனம் தேவை.

பாசியும் சாதுவல்ல. அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் கடும் ஒவ்வாமை தருபவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை விதித்தது. 2021-க்குப் பிறகு அவை உள்ள பொருட்களை அங்கே விற்க முடியாது. லாவெண்டரின் லினலூல் புதிதாக இருக்கையில் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அரிப்பைக் கிளப்பும். பாதி காலியான பாட்டிலைக் கார் டேஷ்போர்டில் வைப்பது அதற்கு நேர்வழி. பீரோவுக்குள் இருட்டில் மூடி வையுங்கள். அடித்ததும் முதலில் வரும் வாசம் டர்பென்டைன் மாதிரி புளித்துவிட்டால் தோலில் போடாதீர்கள்.

புது செண்ட் என்றால் முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இருமுறை, ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம். இடையில் சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே தடிப்பு வந்தவர்கள் இந்தச் சோதனையைத் தாமே செய்ய வேண்டாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள், போகும்போது பாட்டிலோடு அட்டைப்பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். பொருட்பட்டியல் பெரும்பாலும் பெட்டியில்தான் அச்சாகியிருக்கும்.