தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பமா, உற்ற குடும்பமா?

‘நண்பர்களுடனும் தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பத்துடனும் பிறந்தநாட்கள், விளையாட்டுகள், விடுமுறைகளை அனுபவியுங்கள்.’ இப்படி ஒரு வரியைத் தமிழ் என்று சொல்லி அச்சிடுகிறார்கள். வசனத் தமிழாக்கங்களிலும் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளிலும் இந்தத் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பம்’ திரும்பத் திரும்ப வருகிறது. இது நிலைத்துவிடுவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மூலம் ‘சோசன் ஃபேமிலி’ (chosen family) என்ற ஆங்கிலத் தொடர்: பிறப்பாலோ திருமணத்தாலோ அல்லாமல் தாமாகவே சேர்ந்து குடும்பமானவர்கள். அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் வாழ்ந்து உருவாக்கிய கருத்து இது. பெற்ற வீடு கதவைச் சாத்தியபோது அவர்கள் ஒருவருக்கொருவர் வீடானார்கள். நியூயார்க்கின் நடன அரங்குகளைச் சுற்றி ‘ஹவுஸ்’ என்ற பெயரில் குடும்பங்கள் எழுந்தன. தலைமை தாங்கியவரை ‘மதர்’ என்றே அழைத்தார்கள். 1980களில் எய்ட்ஸ் பரவியபோது பலருடைய படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இப்படி வந்து சேர்ந்தவர்கள்தான். 1991இல் மானிடவியலாளர் கேத் வெஸ்டன் இதைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு ஆய்வுலகிலும் கருத்து வேரூன்றியது. நவம்பர் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போக முடியாதவர்கள் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவது இந்த வாழ்க்கையின் முக்கியமான பகுதி. இப்போது மற்றவர்களும் இந்தத் தொடரைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்ற சொல்லைத் தமிழன் எங்கே கேட்கிறான்? தேர்ந்தெடுக்கப்பட்ட பயனாளிகளுக்குத் தையல் இயந்திரம் வழங்குகிறார்கள். குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பரிசு கொடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் பதவி ஏற்கிறார்கள். எல்லா இடத்திலும் வேறு யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே ‘தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பம்’ என்று படித்ததும், ஏதோ அரசுத் திட்டத்துக்காக வட்டாட்சியர் தேர்ந்தெடுத்த குடும்பம் என்றுதான் மனம் போகிறது. சொல்ல வந்த பொருள் இதற்கு நேர் எதிர். இவர்களை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. இவர்களாகவே ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். செயப்பாட்டுவினையைப் போட்டதும் அந்த ‘இவர்களாகவே’ காணாமல் போய்விடுகிறது.

‘தேர்ந்தெடுத்த குடும்பம்’ என்று செய்வினையாக்கினால் கொஞ்சம் தேவலை. ஆனாலும் தேர்தல் என்றால் ஆராய்தல். பலவற்றைப் பரப்பிவைத்துப் பார்த்து ஒன்றை எடுப்பது. புடவையைத் தேர்ந்தெடுக்கலாம். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, வருடா வருடம் பிறந்தநாளுக்கு மறக்காமல் வந்து நின்று, மெல்ல மெல்ல அக்காவாகிப்போனவரை யாரும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. தமிழில் ‘தேர்ந்தெடு’ ஒரே தடவையில் எடுத்து முடித்துவிடும் முடிவைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது காலப்போக்கில் வந்து படியும் நெருக்கத்தைச் சொல்லும் சொல்.

மற்ற ஆக்கங்களும் பொருந்தவில்லை. ‘தத்துக் குடும்பம்’ சட்டப்படி பிள்ளை எடுப்பதைச் சொல்லும். ‘வளர்ப்புக் குடும்பம்’ குழந்தைப் பராமரிப்புத் துறைக்கு உரியது. ‘தெரிவுக் குடும்பம்’ வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் இலங்கை வாசகருக்குப் பாராளுமன்றத் தெரிவுக்குழு நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘உற்ற குடும்பம்’. உறு என்றால் சேர், நெருங்கு, பொருந்து. உறவு என்ற சொல்லே அதிலிருந்துதான் பிறந்தது. இரத்தம் அதில் எங்கும் இல்லை. உற்ற நண்பன், உற்ற தோழி என்று இன்றைக்கும் சாதாரணமாகச் சொல்கிறோம். குடும்பங்களை வினையைக் கொண்டு பெயரிடுவதும் நமக்குப் பழக்கம்தான்: பிறந்த வீடு, புகுந்த வீடு. அந்த வரிசையில் பிறந்த குடும்பம், புகுந்த குடும்பம், உற்ற குடும்பம் என்று வைத்துப் பாருங்கள். விளக்கவுரை தேவைப்படாது.

ஒரு தடை எழும். ‘உற்றார் உறவினர்’ என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சிடுகிறோமே, அது சொந்தக்காரர்களைத்தானே சொல்கிறது? ‘உற்றாரை யான் வேண்டேன்’ என்று மாணிக்கவாசகர் பாடும்போதும் சுற்றத்தைத்தான் சொல்கிறார். உண்மை; தடை வலுவானதுதான். ஆனால் அங்கே உற்றார் பெயர்ச்சொல்லாக இறுகிவிட்டது. பெயரெச்சமான ‘உற்ற’ இன்னும் நெருக்கத்தைத்தான் சொல்கிறது. இல்லாவிட்டால் உற்ற நண்பன் என்ற தொடரே நிற்காது. இன்னொன்றும் கேட்பார்கள்: ‘நான் இவர்களை விரும்பி ஏற்றேன்’ என்ற உறுதி இதில் குறைகிறதே? அந்த உறுதியைச் சொல்ல நம்மிடம் அருமையான வினை இருக்கிறது: உறவு கொண்டாடுதல். உரிமை கொண்டாடுகிறோம், சொந்தம் கொண்டாடுகிறோம், பிறந்தநாளும் கொண்டாடுகிறோம். மனிதரை நம்மவர் என்று வலிந்து ஏற்பதற்கும் விழா எடுப்பதற்கும் ஒரே வினையை வைத்திருக்கும் மொழியில் போய் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது.

பொருளும் நமக்குப் புதிதில்லை. பாரி இறந்தபின் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு போன கபிலர், ‘யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்’ என்று புறநானூற்றில் சொல்கிறார். கம்பனின் இராமன் ‘குகனொடும் ஐவர் ஆனேம்’ என்று எண்ணிக்கையையே மாற்றிவிடுகிறான். இன்றைய தமிழ்நாட்டில் ‘ஜமாத்’ எனப்படும் திருநங்கையரின் சமூகக் குழுக்களில் மூத்தவர் இளையவரை மகளாக ஏற்கிறார். அந்தத் தாய்க்கும் ஒரு தாய், அவர் நானி, அதாவது பாட்டி. அங்கே யாரும் ‘என் தேர்ந்தெடுக்கப்பட்ட தாய்’ என்பதில்லை. அம்மா என்கிறார்கள்.

சட்டத்துக்கும் இந்தச் சொல் இப்போது தேவைப்படுகிறது. பிறந்த வீட்டார் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை மீட்க அவருடைய இணையான இன்னொரு பெண் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அந்த வழக்கில் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், ‘சோசன் ஃபேமிலி’ என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது என்றும் கூறியது. பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோர் தொடர்பான சொற்பட்டியலை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி போன்ற நல்ல சொற்களை மக்களிடம் கொண்டுசேர்த்த நாட்டில் இந்த ஒரு தொடரை மட்டும் ஏன் அரைகுறையாக விட வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. அமெரிக்கர்கள் ‘ஹாலிடேஸ்’ என்று சொல்வது பெரும்பாலும் நன்றியறிதல் நாளிலிருந்து புத்தாண்டு வரையிலான பண்டிகைக் காலத்தை. அதை ‘விடுமுறைகள்’ என்று எழுதி, ‘இனிய விடுமுறைகள்’ என்று வாழ்த்தும் சொல்கிறார்கள். விடுமுறை பள்ளிக்கூடம் விடுவது, பண்டிகை வேறு. ‘அனுபவியுங்கள்’ என்பதைத் தமிழில் தனியாகச் சொன்னால் பாதி நேரம் சாபம் போல ஒலிக்கும். அப்புறம், நண்பர்கள் இரவில் கூடி விளையாடும் ‘கேம் நைட்’டை அப்படியே பெயர்த்த ‘விளையாட்டு இரவு’. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க விடிய விடியப் பரமபதமும் தாயமும் ஆடிய ஊரில் அதற்குப் பெயர்ச்சொல் கட்டத் தேவையில்லை. ‘ராத்திரி தாயம் ஆட வாங்க’ என்றாலே ஆட்கள் வந்துவிடுவார்கள். மூலத்தில் கேரம் இருந்தால் கேரம் என்றும், சீட்டு இருந்தால் சீட்டு என்றும் எழுதுங்கள்.